உங்களுக்குத் தெரியுமா? சின்ன நாய்க்கு எத்தனை ஊசி?

பொமரேனியனோ, டாஷன்டோ, ஷிட்சுவோ, லயத்து வாசலில் பிறந்த கலப்புக் குட்டியோ, உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் எழுகிற முதல் சந்தேகம் ஊசியைப் பற்றியதுதான். இவ்வளவு சின்னதுக்கு அத்தனையும் வேண்டுமா? மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டைப் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்காக, இந்த வாரத் துணுக்குகள்.

●

ஒன்றரைக் கிலோ நாய்க்கும் நாற்பது கிலோ நாய்க்கும் தடுப்பூசியின் அளவு ஒன்றே. பெரும்பாலான தயாரிப்புகளில் அது 1 மில்லிலீற்றர். பூச்சி மருந்தும் காய்ச்சல் மருந்தும் நிறை பார்த்துக் கொடுப்பவை. அவற்றில் பல இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் பரவி வேலை செய்பவை. தடுப்பூசியோ உடம்பின் எதிர்ப்புச் செல்களுக்கு ஓர் எதிரியை அடையாளம் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. செய்தி சொல்லப் போகிறவர், சின்ன வீடுதானே என்று பாதிச் செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்புவதில்லை அல்லவா? "சின்னக் குட்டி, பாதி போடுங்க டொக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி போட்டால் பக்கவிளைவு பாதியாகும் என்று நம்ப இடமில்லை. பாதுகாப்புக் குறையலாம் என்று அஞ்சத்தான் காரணம் இருக்கிறது.

●

அளவு மாறாது, பட்டியல் மாறும். எந்த ஊசி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நாயின் நிறை அல்ல, அது வாழும் ஊர். உலகச் சிறு பிராணி மருத்துவச் சங்கம் (வசாவா) உலகத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் வேண்டும் என்று சொல்வது மூன்றை: டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ வைரஸ் தரும் ஈரல் அழற்சி. விசர்நோய் நிலைகொண்டிருக்கும் நாடுகளில் நான்காவதாக விசர்நாய் ஊசி. எலிக்காய்ச்சல் நிலைகொண்டிருக்கும் நாடுகளில் லெப்டோ ஊசியும் கட்டாயப் பட்டியலில் சேர வேண்டும் என்று அச்சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் சேர்த்தது. இலங்கையில் இரண்டுமே உண்டு. ஆகவே மாத்தளை நாய்க்கு இந்த ஐந்து நோய்க்கும் காப்பு வேண்டும். மற்றவை எல்லாம் பேச்சுவார்த்தைக்கு உரியவை.

●

"குட்டி கடித்தால் விசர் வராது" என்பது நம் தோட்டங்களில் இன்றும் உலவும் பேச்சு. பொய். விசர் வைரஸுக்கு வயது வித்தியாசம் கிடையாது. ஆறு வாரக் குட்டிக்கும் அது தொற்றும். அதன் எச்சிலிலும் அது இருக்கும். குட்டியைத் தூக்கிக் கொஞ்சி முகத்தோடு முகம் வைப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். விசர் பிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதமானோர் 15 வயதுக்குக் குறைந்தவர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

●

1973-இல் இலங்கையில் விசர்நோயால் இறந்தவர்கள் 377 பேர். அண்மைய ஆண்டுகளில் அது 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. இடையில் நடந்தவற்றுள் முக்கியமானது, 1970-களின் நடுவில் தொடங்கிய நாய்த் தடுப்பூசித் திட்டம். பள்ளிக்கூட மைதானத்திலும் சந்தியிலும் மேசை போட்டு, நாய்களை வரிசையில் நிறுத்தி ஊசி போடுகிறார்களே, அதுதான். அந்த ஊசிக்குக் காசு கிடையாது. உங்கள் பகுதிக்கு எப்போது வருவார்கள் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ (பி.எச்.ஐ.) கேட்டால் தெரியும்.

●

அப்படியானால் எத்தனை வயதில் விசர் ஊசி? இங்கேதான் இரண்டு பதில்கள். தனியார் மிருக வைத்தியசாலைக்குத் தூக்கிப் போனால், பெரும்பாலும் 12 வாரம் ஆகட்டும் என்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசி மருந்தை முறித்துவிடக் கூடாது என்பது அதற்கான நியாயம். ஆனால் ஊர் முழுக்க நடக்கும் முகாமில், கையில் கிடைக்கும் எந்த வயதுக் குட்டிக்கும் போட்டுவிடச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முகாம் நாளை இல்லை. குட்டி மறுபடி கையில் கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இரண்டும் சரிதான். முகாமில் சின்ன வயதிலேயே போட்டுக்கொண்ட குட்டிக்கு மூன்று மாதம் கடந்ததும் இன்னொன்று போட்டுவிட்டால் சச்சரவு தீர்ந்தது. முதல் ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடாது, அது உருவாக மூன்று நான்கு வாரம் பிடிக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

●

ஒரே ஊசியை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்? காசு பிடுங்கத்தான் என்று முணுமுணுப்பவர்களுக்காக இந்தத் துணுக்கு.

குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் வந்து சேர்கின்றன. அவை குட்டியைக் காக்கும் வரையில் தடுப்பூசியையும் எதிரியாக நினைத்து அழித்துவிடும். எட்டாவது வாரத்தில் சில குட்டிகளிடம் அந்தப் புரதம் தீர்ந்திருக்கும். சிலவற்றில் 12-ஆவது வாரம் வரை நிற்கும். சிலவற்றில் 16 வாரம் வரைகூட. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளும் இது மாறும், ஏனென்றால் முதல் நாள் யார் எவ்வளவு பால் குடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. நோயைத் தடுக்கப் போதாத, ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதுமான அளவு புரதம் இருக்கும் சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில்தான் "ஊசி போட்டும் குட்டி செத்துப்போச்சே" என்ற அழுகை கேட்கிறது.

எந்தக் குட்டிக்கு எந்த நாள் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. ஆகவே 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் நிறையும் வரை போடச் சொல்கிறார்கள். மூன்றில் ஒன்றாவது சரியான நாளில் விழுந்துவிடும் என்ற கணக்கு. முதல் இரண்டைப் போட்டுவிட்டு, குட்டி துள்ளி விளையாடுகிறதே என்று மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். விடக்கூடாத ஊசி அந்தக் கடைசி ஊசிதான்.

●

கையில் ஒரே ஓர் ஊசிக்குத்தான் காசிருக்கிறது என்றால்? வெட்கப்பட வேண்டிய கேள்வியல்ல. தோட்டச் சம்பளத்தில் இது உண்மையான கேள்வி. வசாவா வழிகாட்டி இதற்கும் பதில் வைத்திருக்கிறது: டிஸ்டெம்பர், பார்வோ, ஈரல் அழற்சி மூன்றும் சேர்ந்த ஊசியை 16 வாரம் நிறைந்த பிறகு ஒருமுறை போடுங்கள். அதுவரை குட்டியைத் தெருவில் விடாதீர்கள். விசர் ஊசி எப்படியும் முகாமில் இலவசம்.

●

2008-இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெரிதாகப் பரவியது. 7,400-க்கு மேற்பட்டவர்களுக்கு அந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. 200-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தப் பரவலை ஆராய்ந்தவர்கள் நோயாளிகளைத் தேடிப் போன மாவட்டங்கள் மாத்தளை, கண்டி, கேகாலை. வயலில் இறங்குபவர்களுக்கு டொக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கும் வழக்கம் நம் ஆட்களுக்குப் பழக்கமானதுதான்.

இதே கிருமிதான் நாய்க்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், சேறு, ஈரப் புல் ஆகியவற்றின் வழியாகக் கால் கீறலிலும் மூக்கு, வாய் ஈரத்திலும் நுழைகிறது. சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடிக்கும். கண் மஞ்சளாகும், சோறு இறங்காது, வாந்தி எடுக்கும். தப்பிப் பிழைத்த நாய் பிறகும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், மூத்திரத்தில் கிருமியை வெளியேற்றலாம். அது படுப்பது உங்கள் கட்டிலுக்கடியில் என்றால் அது உங்கள் பிரச்சினையும்தான்.

"எங்க நாய் வயலுக்கே போறதில்லை, மடியில இருக்கிற நாய்" என்பார்கள். சரி, எலி எங்கே இருக்கிறது? அரிசிப் பெட்டிக்குப் பின்னால், லயத்துக் கூரையில், கோழிக்கூட்டுக்கு அடியில். சின்ன இனங்களில் பல, எலியோடும் வளையோடும் மல்லுக்கட்டவே வளர்க்கப்பட்டவை. இங்கிலாந்தின் துணி ஆலைகளில் எலி பிடித்தது யோர்க்‌ஷயர் டெரியர். ஜெர்மனியில் வளைக்கரடியைத் தேடி வளைக்குள் நுழைந்தது டாஷன்ட். குட்டை உருவமே அந்த வேலைக்கான தகுதி. உருவம் சின்னது என்பது லெப்டோவைத் தள்ளிவிடக் காரணமாகாது.

●

லெப்டோ ஊசி மற்றவை மாதிரி நின்று காக்காது. 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு போட வேண்டும். அதன் பிறகு ஆண்டுதோறும் ஒன்று. ஊசியில் எந்தெந்த வகைக் கிருமி இருக்கிறதோ அவற்றுக்குத்தான் நல்ல காப்பு. பழைய ஊசிகளில் இரண்டு வகை, புதியவற்றில் நான்கு. கிடைக்குமானால் நான்கு வகையுள்ளதைக் கேட்பது நல்லது.

●

இனிச் சின்ன நாய்க்காரர்கள் உண்மையிலேயே பயப்படும் விஷயம். அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல.

2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரே மருத்துவமனைக் குழுமத்தில் ஊசி போட்டுக்கொண்ட 12 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, 2005-இல் ஓர் அறிக்கை வெளியானது. ஊசி போட்ட மூன்று நாளுக்குள் பக்கவிளைவு கண்ட நாய்கள், 10,000-க்கு ஏறத்தாழ 38. நாய் சின்னதாக ஆக ஆக இந்த விகிதம் கூடியது. ஒரே வருகையில் கூடுதலாகப் போடும் ஒவ்வோர் ஊசியும், 10 கிலோவுக்கு உட்பட்ட நாய்களில் அபாயத்தை 27 சதவீதம் உயர்த்தியது. அதற்கு மேற்பட்டவற்றில் 12 சதவீதம். டாஷன்ட், பக், பொஸ்டன் டெரியர், மினியேச்சர் பின்ஷர், சிவாவா ஆகியவை பட்டியலின் உச்சியில் நின்றன.

இதிலிருந்து இரண்டு விதமான முடிவுக்கு வரலாம். "ஊசியே வேண்டாம்" என்பது ஒன்று. அது கணக்குத் தெரியாத முடிவு. 10,000-இல் 38 என்பதிலும் பெரும்பகுதி முகவீக்கம், அரிப்பு, வாந்தி, சோர்வு வகையறா. பார்வோவோ டிஸ்டெம்பரோ பிடித்த குட்டிக்கு அப்படியொரு நல்ல விகிதம் கிடைப்பதில்லை. மற்ற முடிவு: எல்லாவற்றையும் ஒரே நாளில் குத்தாதீர்கள். மூன்று நோய் ஊசி ஒரு நாள், இரண்டு வாரம் கழித்து லெப்டோ, இன்னும் இரண்டு வாரம் கழித்து விசர். அளவைக் குறைப்பதைவிட வருகையைப் பிரிப்பதே சின்ன நாய்க்கு நாம் செய்யக்கூடிய உதவி. எல்கடுவையிலிருந்து ஓட்டோ பிடித்து மாத்தளை டவுனுக்கு வருபவருக்கு மூன்று பயணம் என்பது சின்னச் செலவல்ல, உண்மைதான். மூன்று கிலோவுக்கு மேற்படாத நாய் என்றால் அந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது என்பேன்.

●

ஊசி போட்டதும் உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். வைத்தியசாலை வாசலிலேயே அரை மணித்தியாலம் உட்கார்ந்திருங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தலைகாட்டும்: முகமும் கண்ணிமையும் உப்பும், தோல் தடிக்கும், வாந்தி வரும், ஈறு வெளுக்கும், கால் தள்ளாடும். உள்ளேதான் மருந்தும் வைத்தியரும் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போன பிறகு ஒரு நாள் மந்தமாகக் கிடப்பதும், குத்திய இடத்தில் சிறு கட்டி நிற்பதும் சாதாரணம். கட்டி ஒரு மாதத்துக்குப் பிறகும் கரையாவிட்டால் காட்ட வேண்டும்.

●

மிகச் சின்னக் குட்டியை வெறும் வயிற்றோடு ஊசிக்குக் கொண்டு போகக் கூடாது. பொம்மை அளவுக் குட்டிகளின் உடம்பில் சர்க்கரைக் கையிருப்பு சொற்பம். காலையில் பட்டினி, பஸ் பயணத்து நடுக்கம், புது இடத்துப் பயம் எல்லாம் சேர்ந்தால் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். அதைப் பார்த்து "ஊசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஊசியின் மேல் பழி போடுவார்கள். புறப்படும் முன் கொஞ்சம் சாப்பாடு கொடுத்தால் போதும்.

●

கடையில் "5 இன் 1", "7 இன் 1", "9 இன் 1" என்று எண் கூடக் கூட நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். லெப்டோவின் ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக எண்ணினாலே எண் கூடிவிடும். சிலவற்றில் குடல் கொரோனா வைரஸ் ஊசியையும் சேர்த்திருப்பார்கள். (கொவிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அந்த ஊசி தேவை என்று வசாவா பரிந்துரைப்பதில்லை. போத்தலின் எண்ணைப் பார்க்காமல், உள்ளே என்னென்ன என்று வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

●

வைத்தியர் மேசையில் நடப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு சின்னப் போத்தல்கள் இருக்கும். ஒன்றின் அடியில் வெள்ளையாக, சீனிக்கட்டி உடைந்த மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். அது உறையவைத்து உலர்த்தப்பட்ட, வலு குறைத்த உயிர் வைரஸ். மற்றதில் இருப்பது கரைப்பதற்கான திரவம். லெப்டோ சேர்ந்த ஊசி என்றால் பெரும்பாலும் லெப்டோ அந்தத் திரவத்தில்தான் இருக்கும். திரவத்தை உறிஞ்சி வெள்ளைப் பொடிக்குள் விட்டுச் சுழற்றி, பிடரித் தோலைக் கூடாரமாகத் தூக்கி, அடியில் குத்துவார்கள். பிறகு போத்தலின் ஒட்டுத்தாளை உரித்து நாயின் கார்டில் ஒட்டிக் கையெழுத்து வைப்பார்கள். பெயரும் தொகுதி எண்ணும் காலாவதித் திகதியும் உள்ள அந்தத் துண்டு ஒட்டாத கார்டு பாதிக் கார்டு.

வருகையைப் பிரிக்க விரும்புபவர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்போதுதான் வைத்தியர் லெப்டோ இல்லாத வெறும் திரவத்தில் கரைப்பார்.

●

ஊசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். கண்டியில் வாங்கி, ஏ9 வீதியில் 26 கிலோமீற்றர் பஸ்ஸில் சட்டைப் பையில் வைத்து மாத்தளைக்குக் கொண்டு வந்த மருந்தை நம்பிக் குத்த முடியாது. ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் வேண்டும். ஐஸ் மருந்தில் நேரே படவும் கூடாது, உறைந்தாலும் கெடும். இதைவிட, குளிர்பெட்டி வைத்திருக்கும் வைத்தியரிடமே நாயைக் கொண்டு போவது சுலபம்.

●

பார்வோ 1978-இல்தான் உலகத்துக்குத் தெரிய வந்த புது நோய். பூனைகளைத் தாக்கும் வைரஸின் வழிவந்தது. இரண்டு ஆண்டுக்குள் உலகம் முழுவதும் பரவியது. இரத்தப் பேதி, நிற்காத வாந்தி. சின்ன உடம்பில் இருக்கும் நீர் கொஞ்சம் என்பதால் சின்னக் குட்டி வெகு வேகமாக வற்றிப் போகும்.

இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். செருப்பிலும் ஓட்டோ மிதியடியிலும் பயணம் போகும். டெட்டோலுக்கு அசையாது. 30 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து, அழுக்கைக் கழுவிய தரையில் பத்து நிமிடம் ஊற விட்டால் சாகும். போன குட்டி பார்வோவில் செத்த அதே மூலையில், அடுத்த மாதமே புதுக்குட்டியைக் கட்டுகிறவர்களை என்ன சொல்வது?

●

ஊசி முடியும் வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் வளர்ந்த பிறகு எல்லாவற்றுக்கும் பயந்து குரைக்கும். இதில் சின்ன நாய்க்கு ஒரு வசதி: கையில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவைக் காட்டலாம். கால் மண்ணில் படாமல் இருந்தால் போதும்.

●

டிஸ்டெம்பர் வைரஸ் மனிதரின் சின்னமுத்து வைரஸுக்கு உறவுக்காரன். எவ்வளவு நெருக்கம் என்றால், தாயின் எதிர்ப்புச் சக்தி மிச்சமிருக்கும் குட்டிகளுக்கு ஒரு காலத்தில் சின்னமுத்து ஊசியையே போட்டு டிஸ்டெம்பரைத் தடுத்தார்கள். மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயும் அதே குடும்பம். 1987-இல் இந்திய அமைதிப் படைக்காக வந்த ஆடுகளோடு இலங்கைக்குள் மீண்டும் நுழைந்த அந்த நோய், 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

இன்னொன்று. 1920-களில் லண்டனில் லெய்ட்லோ, டங்கின் என்ற இருவர், நாய் டிஸ்டெம்பருக்கு ஊசி கண்டுபிடிக்க ஃபெரட் என்ற கீரி போன்ற பிராணிகளை வைத்து ஆராய்ந்தார்கள். 1933-இல் மனிதரின் இன்ஃபுளுவன்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் ஃபெரட்டை வைத்துத்தான். அதைச் செய்த மூவர் குழுவில் லெய்ட்லோவும் இருந்தார். நாய் ஊசிக்கான தேடல் மனிதக் காய்ச்சலுக்கும் உதவியது.

●

2018 செப்டம்பர், ஒக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. பரிசோதித்ததில் பலவற்றில் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் இதே வைரஸ் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே வஸ்கமுவையும் நக்கிள்ஸ் மலைக்காடும் கிடக்கின்றன. அங்கே சிறுத்தை உண்டு. நாயைத் தூக்கிப் போவது அதற்குப் புதிதல்ல. லக்கலை, வில்கமுவைப் பக்கம் காட்டோரம் நாய் வளர்ப்பவர்களின் டிஸ்டெம்பர் ஊசி காட்டுக்கும் சேர்த்துத்தான்.

●

அடினோ வைரஸில் இரண்டு வகை. ஈரலைத் தாக்குவது முதல் வகை; ஆனால் ஊசியில் இருப்பது இரண்டாவது வகை. முதல் வகையை வைத்துச் செய்த பழைய ஊசி சில நாய்களின் கண்ணை நீலமாக மங்க வைத்தது. இரண்டாவது வகை அந்தத் தொல்லையில்லாமல் இரண்டுக்கும் காப்புத் தருகிறது. கார்டில் "அடினோ 2" என்று பார்த்து, நோய்க்கு மாறான ஊசி போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

●

கூண்டு இருமல் ஊசி எல்லா நாய்க்கும் வேண்டியதில்லை. நாய் விடுதியில் விட்டுப் போகிறவர்கள், கண்காட்சிக்குக் கொண்டு போகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம். சின்ன இனங்களில், பொமரேனியனில் குறிப்பாக, மூச்சுக்குழல் தட்டையாகித் தரும் வறட்டு இருமலும் உண்டு. கழுத்துப்பட்டியை இழுத்தால் கூடும். அதற்கு எந்த ஊசியும் உதவாது; பட்டியை மாற்றி மார்புப் பட்டி போட வேண்டும்.

●

ஊசியே இல்லாத நோய்கள்தான் இங்கே பல நாய்களைப் படுக்க வைக்கின்றன. உண்ணி பரப்பும் பபேசியா, எர்லிக்கியா இரண்டுக்கும் உள்ளூரில் ஊசி கிடையாது. உண்ணியை ஒழிப்பதே வழி. நுளம்பு பரப்பும் டிரோஃபிலேரியா புழு நாயிலிருந்து மனிதருக்கும் வரும். கொக்கிப் புழுவில் ஒரு வகையின் அறிவியல் பெயர் அன்சிலோஸ்டோமா சைலானிக்கம். 1911-இல் இலங்கையின் புனுகுப் பூனை ஒன்றில் கண்டு பெயரிட்டார்கள். நம் ஊர்க் குட்டிகளின் குடலில் இரத்தம் குடிப்பது அதுவும்தான். புழு அரித்து வெளிறிய குட்டிக்குப் போடும் ஊசி சரியாகப் பிடிக்காது. ஆகவே பூச்சி மருந்து முதலில், ஊசி பிறகு.

●

சினைப்பட்ட நாய்க்கு உயிர் வைரஸ் ஊசி போடுவதில்லை. குட்டிகளுக்குச் சீம்பாலில் நல்ல காப்புப் போக வேண்டுமானால், தாயின் ஊசியைச் சேர்க்கைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

●

வளர்ந்த நாய்க்கு எல்லா ஊசியும் ஆண்டுதோறும் வேண்டுமா? இல்லை. குட்டிப் பருவத் தொடரும், ஆறு மாதமளவில் ஒரு மேலதிக ஊசியும் சரியாக முடிந்திருந்தால், டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ மூன்றையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்பதே வசாவாவின் நிலை. லெப்டோ மட்டும் ஆண்டுதோறும். விசர் ஊசியில் மூன்றாண்டு நிற்பவை இருந்தாலும், இலங்கையில் ஆண்டுக்கு ஒருமுறை போடுவதே நடைமுறை. ஆண்டுதோறும் "7 இன் 1" குத்திக்கொள்ளும் இரண்டு கிலோ நாயின் சொந்தக்காரர், இந்தக் கணக்கை வைத்தியரிடம் ஒருமுறை பேசிப் பார்க்கலாம்.

●

இலங்கையின் விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893-ஆம் ஆண்டையது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901-ஆம் ஆண்டையது. மடியில் இருக்கும் நாய்க்கும் சட்டம் ஒன்றுதான்.

●

ஒரு கடைசிக் கணக்கு. உங்கள் வீட்டுச் சின்ன நாய் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிட்டது. முதலில் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேரே அரச வைத்தியசாலை. அங்கே கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று நாயின் ஊசியைப் பற்றியது. நாய் சுகமாக, கண்முன் இருக்கிறது. குறைந்தது இரண்டு விசர் ஊசி போட்டிருக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி இரண்டு ஆண்டுக்கு மேல் இல்லை. கடைசி ஊசி ஓர் ஆண்டுக்குள் போட்டது. இத்தனையும் கார்டில் இருந்தால், பிள்ளைக்கு ஊசியைத் தள்ளிவைத்து நாயை 14 நாள் கவனிக்க இலங்கையின் சிகிச்சை வழிகாட்டி இடம் தருகிறது. முடிவெடுப்பவர் வைத்தியர்தான். முகாமில் ஒரே ஒருமுறை போட்ட ஊசியை மட்டும் காட்டினால் இந்தச் சலுகை கிடைக்காது. அந்த 14 நாளில் நாய் இறந்தாலோ காணாமல் போனாலோ உடனே வைத்தியசாலைக்குச் சொல்ல வேண்டும். இறந்த நாயைப் புதைத்துவிடக் கூடாது. அதன் தலை ஐஸில் பொதி செய்யப்பட்டு, கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பரிசோதனைக்குப் போகும்.